எஞ்சினுக்கு எது நெற்றி

கோபிநாத் செத்துப் பதினொரு மாதமாகியும் சாயங்காலம் நாலேகால் மணிக்கு விசில் அடிப்பதை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவுகூடக் கிடையாது. அருணா அடுப்படியில் டீக்குப் பால் வைத்துக்கொண்டிருப்பாள். கூடத்தை ஒட்டிய அறையிலிருந்து முதலில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் வரும். பிறகு, கேட்டும் கேட்காத மாதிரி, மெல்லிசாக ஒரு விசில். அவ்வளவுதான், அடங்கிவிடும். குடுமியான்மலையில் அது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போகிற நேரம். வெயில் வாசலில் பாதிவரை வந்து கிடக்கும். பேய்க்கென்று யாரும் ஒதுக்கி வைக்காத நேரம். அதனாலேயே அவளுக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது. இருட்டில் வந்தால் விளக்கைப் போடலாம், பட்டப்பகலில் வருவதற்கு எதைப் போடுவது?

உயிரோடு இருந்தபோது கோபிநாத் மதியத் தூக்கம் கலைந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த அறையில் ஏதாவது ஒரு எஞ்சினைப் பற்றவைப்பது அந்த நேரத்தில்தான்.

எஞ்சின் என்றால் பொம்மை எஞ்சின். பொம்மை என்றதும் பிளாஸ்டிக் ரயிலை நினைத்துவிட வேண்டாம். எண்பது, நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பித்தளை பாய்லர், அதன் அடியில் ஸ்பிரிட் ஊற்றிய குட்டி விளக்கு, பக்கத்தில் ஒரு சக்கரம். தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பினால் சக்கரம் நிஜமாகவே சுற்றும், விசில் நிஜமாகவே ஊதும். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கப்பலில் வந்து, செட்டிநாட்டு வீடுகளின் மூலையில் கிடந்து, கடைசியில் காரைக்குடிப் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தவற்றை கோபிநாத் தேடித் தேடிப் பன்னிரண்டு சேர்த்திருந்தார். குவைத்தில் பதினேழு வருஷம் மூன்று மாடி உயர பாய்லரை மேய்த்த மனுஷர். ஊருக்கு வந்து உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை.

“தமிழ்ல சொன்னா இது ஆவி எஞ்சினு. இதுக்கு ஊத்துறதும் ஸ்பிரிட்டுதான். வீட்ல ஒரு பேயி பத்தாதுன்னு இன்னும் பன்னெண்ட வாங்கி வச்சிருக்கேன்” என்று வருகிறவர்களிடம் சொல்லி, அருணா பக்கம் கண்ணைக் காட்டிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இப்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால் ஏதாவது ஒரு வேலையைத் தேடி எழுந்து போய்விடுவாள்.

பாத்திரம் தேய்க்க வருகிற செவந்தி ஆடி மாதத்தில் ஒருநாள் தாமதமாக வந்தாள். கொல்லைப்புறத்தில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நாலேகாலுக்கு எழுந்து உள்ளே வந்து நின்றாள்.

“அக்கா, அண்ணே உள்ள இருக்காகளா?”

“என்னடி ஒளர்ற?”

“விசிலு கேட்டுச்சுக்கா. அண்ணே ஊதுமே, அந்த விசிலு.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று செவந்திக்கு உறைத்தது. சோப்புக் கையைக்கூடக் கழுவாமல் போனவள் போனவள்தான். மறுநாளிலிருந்து அருணாவே பாத்திரம் தேய்த்தாள்.

செவந்திக்கும் கேட்டதில் அருணாவுக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. தனக்குப் புத்தி கலங்கவில்லை என்று தெரிந்ததே. மறுநாள் விசில் அடங்கிய கையோடு துணிந்து அறைக்குள் போனாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து பதினொரு எஞ்சினையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்று இருந்தன. இரண்டாவது தட்டில் பன்னிரண்டாவது எஞ்சின் இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த வெறும் பலகையில் கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கொதிக்கக் கொதிக்க டீ டம்ளரை வைத்து எடுத்த இடம்போல் பலகை சுட்டது.

அந்தப் பன்னிரண்டாவது எஞ்சின்தான் கோபிநாத்தைக் கொன்றது.

அது வாங்கும்போதே பாய்லரின் மூடி பிளந்துதான் வந்தது. சரிசெய்து கொடுத்தவர் சேவுகன். விராலிமலை ஹைவேயில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், வயசு அறுபதுக்கு மேல். லாரி அச்சிலிருந்து கோயில் மணியின் நாக்கு வரைக்கும் எது உடைந்தாலும் அவரிடம்தான் போகும். வெள்ளியை உருக்கி மூடியைப் பத்தவைத்து, ஒரு வாரம் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். போன வருஷம் விஜயதசமி காலையில், முந்தின நாள் ஆயுத பூஜையில் வைத்த பொட்டோடு, கோபிநாத் அதை எடுத்து விளக்கை ஏற்றினார். சக்கரம் சுற்றியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டமால் என்று ஒரு சத்தம். பறந்து வந்த மூடி காதுக்குக் கீழே அடித்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது.

பிளந்திருந்தது சேவுகன் பத்தவைத்த அதே இடம். அதற்குமேல் யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை. துக்க வீட்டுக்கு வந்து பந்தலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்மேல் அருணா ஓடிப்போய் இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

“எம் புருசனக் கொன்ன கையி இதுதான்! இந்தக் கை வெளங்குமா? நீ நல்லாருப்பியா?”

உடைந்த எஞ்சினை ஒரு சாக்கில் போட்டு அவர் காலடியில் விட்டெறிந்தாள். ஊரே பார்த்தது. சேவுகன் சாக்கை எடுத்துக்கொண்டு போனார். “நான் வச்ச பத்துதான் விட்டுருக்கும்” என்று பிறகு அவரே எல்லாரிடமும் சொன்னார்.

ஊர் வாய்க்கு அது போதாதா? ‘சேவுகன் பத்தவச்சாரு, கோபிநாத்தும் பத்தவச்சாரு, முடிஞ்சுது சோலி’ என்று டீக்கடையில் பேசினார்கள். ஒட்டுவதற்கும் கொளுத்துவதற்கும் ஒரே சொல்லாகப் போனது அவர்களுக்கு வசதி. பட்டறைக்கு வேலை வருவது நின்றது. இந்தப் புரட்டாசியில், வருகிற திங்கட்கிழமையோடு பட்டறையை மூடிவிட்டு அவர் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. “நல்லா வேணும்” என்று அருணா வாய்விட்டே சொன்னாள். அன்றைக்கு விசில் வழக்கத்தைவிட நீளமாக அடித்தது.

எஞ்சின்களைத் தொலைத்தால் விசிலும் தொலையும் என்று அவளுக்குத் தோன்றியது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிற மகள் கார்த்திகாவிடம் போனில் கேட்டாள். “குடுத்துரும்மா. எனக்கும் அத பாக்கப் பிடிக்கல” என்றாள் அவள். பழைய பொம்மைகள் சேர்க்கிற பிரவீன்குமார் என்பவர் புதன்கிழமை காலையில் திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினார்.

மனுஷர் நல்ல மாதிரி, பேச்சுதான் நிற்காது. வெண்டைக்காய் வாங்க வந்தவர்போல ஒவ்வொரு எஞ்சினையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தைச் சுண்டினார், விளக்கை முகர்ந்தார். மூன்றாவது எஞ்சினின் பாய்லர்மேல் இருந்த பித்தளைக் குமிழைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை.

“அக்கா, இது மேல என்ன அப்பியிருக்கு?”

“சந்தனம். போன வருசம் ஆயுத பூஜைக்கு வச்சது.”

“அடக் கடவுளே, இங்கயா வைப்பாங்க?” என்று சிரித்தார். “இதுதாங்க்கா சேஃப்டி வால்வு. உள்ள ஆவி அளவுக்கு மீறுச்சுன்னா இந்தத் தலை தானா தூக்கிக்கிட்டு வெளிய விட்டுரும். உள்ள சின்ன ஸ்பிரிங்கு இருக்கு. நீங்க வச்ச சந்தனம் எறங்கிக் காஞ்சு, நல்லா ஒட்டிக்கிச்சு பாருங்க. இப்படியே பத்தவச்சா பாய்லருக்கு வெடிக்கிறதத் தவிர வேற வழியே கெடையாது. நல்லவேளை, யாரும் பத்தவைக்கல.”

கோபிநாத் எப்படிச் செத்தார் என்று அவருக்குத் தெரியாது. உடம்புக்கு முடியாமல் போய்விட்டார் என்றுதான் அருணா சொல்லியிருந்தாள். அவர் பாட்டுக்கு நான்காவதை எடுத்து அதன் குமிழையும் இழுத்துப் பார்த்து, “இதுலயும் இருக்கே” என்றார். அருணா அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மற்ற வருஷங்களில் கோபிநாத்தான் பொட்டு வைப்பார். சக்கரத்தில் மட்டும், தொட்டும் தொடாமல். போன வருஷம் பூசணிக்காயும் பொரியும் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனவருக்கு பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட, நல்ல நேரம் தவறிவிடுமே என்று இவள் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்தாள். கடையில் விற்கிற பொட்டலச் சந்தனம், காய்ந்தால் சுவரில் பூசிய சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். அவள் சந்தனம் வைக்க, லீவுக்கு வந்திருந்த கார்த்திகா பின்னாலேயே குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டிக்கு ஹெட்லைட்டுக்கு மேல், பீரோவுக்கு சாவித் துவாரத்துக்கு மேல், கிரைண்டருக்கு மூடியில். எஞ்சினுக்கு எது நெற்றி? உச்சியில் பளபளவென்று ஒரு குமிழ் இருந்தது. அதுதான் நெற்றி என்று அவளே முடிவு செய்தாள். பூஜை போட்ட பொட்டை அழிக்கக் கூடாது என்பதால் கோபிநாத்தும் மறுநாள் அதைத் துடைக்கவில்லை. அது உள்ளே இறங்கிப் பிடித்திருக்கும் என்று பாய்லர் மேய்த்த மனுஷருக்கும் தோன்றவில்லை.

“இன்னொரு நாள் வாங்க தம்பி” என்று பிரவீன்குமாரை அனுப்பிவைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் நாலேகாலுக்கு அறைக்குள் போய் நின்றாள். பயம் இல்லை. திட்டினாலும் சரி, கழுத்தை நெரித்தாலும் சரி என்று நின்றாள். விசில் அடிக்கவில்லை.

வியாழக்கிழமையும் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலியான அந்தப் பலகையில் கையை வைத்தாள், மரம் மரமாக இருந்தது. பதினொரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவளுக்கு விளங்கிவிட்டது என்றதும் அவர் கிளம்பிப் போய்விட்டார். அருணா அழுதாள். அந்தச் சத்தத்துக்கு அத்தனை பயந்தவளுக்கு அது இல்லாத வீடு அதைவிட மோசமாக இருந்தது. நாலேகால் ஆனால் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிற்று. அடுப்பில் பால் சுண்டுவது, தெருவில் சைக்கிள் போவது, எல்லாம் கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சேவுகன் திங்கட்கிழமை போய்விடுவார். அந்தப் பழியைத் திருப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போய், ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, சாகிறவரைக்கும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை காலையில் அருணா இலுப்பூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான்: ரகசியமாகச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம். நல்ல மனுஷர், விடுங்க ஆத்தா என்பார். அதோடு முடிந்துபோகும்.

பட்டறை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. நாலு பேர் லேத்தை உருளைக் கட்டைமேல் வைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். சேவுகன் அவளைப் பார்த்ததும் எழுந்து, தன்னை அறியாமல் ஓரடி பின்னால் போனார். மண் வாரித் தூற்றியது அவருக்கு மறந்திருக்காது.

“வாங்க ஆத்தா” என்றார், குரல் எழும்பாமல்.

“சேவுகண்ணே, கொஞ்சம் அங்கிட்டு வாங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

உள்ளே கரி படிந்த சுவர் ஓரமாக நின்று அவள் சொன்னாள். பாதி அழுகை, பாதி பேச்சு. சந்தனம், குமிழ், திருச்சிக்காரர் சொன்னது எல்லாம்.  அவள் முடித்ததும் சேவுகன் பரண்மேல் கையை நீட்டி அந்தச் சாக்கை எடுத்தார். கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

“இத நான் தொறக்கவே இல்ல. தைரியம் வரல” என்றார்.

அவிழ்த்துக் கொட்டினார். பிளந்த பாய்லரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உச்சிக் குமிழைச் சுற்றிக் கெட்டியாகச் சந்தனம், அதன் நடுவில் மங்கிய குங்குமம். நகத்தால் சுரண்டினார், வரவில்லை. அவருடைய பத்து விட்ட இடத்தையும் பார்த்தார். பத்து மட்டும் விடவில்லை, உள்ளே அடைபட்ட ஆவியின் அழுத்தத்தில் கூடவே பித்தளையும் கிழிந்திருந்தது. அவர் கீழே உட்கார்ந்து, அந்த பாய்லரை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். பிறகு நிமிர்ந்தார்.

“அன்னைக்கி எத்தன பேருக்கு முன்னாடி எம்மேல மண்ணள்ளிப் போட்டீங்க?”

அருணா இதை எதிர்பார்க்கவில்லை.

“அண்ணே...”

“எம் பேரப்புள்ள பொறந்து ஏழு மாசமாச்சு. தூக்கலாம்னு கைய நீட்டுனா மருமக புள்ளய வாங்கிக்கிட்டு உள்ள போயிருது. ஒண்ணும் சொல்லாது. வாங்கிக்கிட்டுப் போயிரும். நீங்க இங்கிட்டு வந்து என் காதுல சொன்னா எனக்கு மனசு ஆறும், சரி. என் கைக்கு யாரு சொல்லுவா?”

அவர் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அருணாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. “சொல்றேண்ணே. ஊருக்கு முன்னாடி சொல்றேன்” என்றாள். “மொதல்ல எம் மககிட்டச் சொல்லிர்றேன். ஊரு வாயில இருந்து அது கேக்கக் கூடாது.”

அங்கேயே நின்று போனைப் போட்டாள். அம்மா காலை நேரத்தில் கூப்பிடுகிற வழக்கமில்லை. கார்த்திகா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அந்த போனில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும், அப்படி ஒரு போன்.

“என்னம்மா? ஒடம்பு எதுவும் சரியில்லையா?”

“கார்த்தி, நான் சொல்றத முழுசாக் கேளு. அப்பா செத்ததுக்கு சேவுகன் மாமா காரணமில்ல. அந்த எஞ்சினு உச்சியில நான் வச்ச சந்தனம் காஞ்சு வால்வு அடைச்சுக்கிச்சு. அதான் வெடிச்சிருக்கு. நான்தான்டி காரணம்.”



“அம்மா, நீ ஏம்மா இப்புடிப் பேசுற? அந்த எஞ்சினுக்கு நீ வைக்கவே இல்லையே. அடுப்புல பாயாசம் பொங்குதுன்னு கிண்ணத்த என் கையில குடுத்துட்டு ஓடுனேல்ல? ரெண்டாவது தட்டுல கடைசி மூணுக்கும் நான்தானே வச்சேன். சந்தனமும் நான்தான், குங்கு...”

சொல் பாதியில் நின்றது. ஒரு பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிப்போவது போனில் கேட்குமா என்றால், கேட்டது. 

பாயாசம் பொங்கியது இப்போதுதான் அருணாவுக்கு ஞாபகம் வந்தது. கிண்ணத்தைக் கொடுத்ததும், கை கழுவியதும், திரும்பி வந்தபோது கார்த்திகா அலமாரியை மூடிக்கொண்டிருந்ததும், எல்லாம் கண்முன்னால் வந்தது.

“கிறுக்குச்சி” என்றாள் சட்டென்று. “நீ வச்சது இருந்தாத்தானடி! நான் திரும்பி வந்து, நீ வச்சது சரியில்லன்னு தொடச்சிட்டு, கடைசி மூணுக்கும் நானே வச்சேன். எனக்கு ஞாபகம் இல்லையா?”

“இல்லம்மா, நான்...”

“நான் வச்சேங்கறேன்ல! தண்ணி கொறச்சுக் கெட்டியா நான்தான் அப்புனேன். ஒனக்குச் சின்னப் புள்ளையில இருந்தே எதுவும் ஒழுங்கா ஞாபகம் இருக்காது. போ, கிளாசுக்குப் போ. சாயங்காலம் பேசுறேன்.”

போனை வைத்தாள். சேவுகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னது முழுக்க அவருக்குக் கேட்டிருந்தது. பாய்லரை மெதுவாகச் சாக்குக்குள் போட்டு, பழையபடி முடிச்சுப் போட்டார்.

“போதும் ஆத்தா. வீட்டுக்குப் போங்க. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்சாச்சு, போதும்.”

“இல்லண்ணே” என்றாள் அருணா. “சொல்லியே ஆகணும். நான் வாய மூடுனா, அம்மா என்னக் காப்பாத்தத்தான் மூடுனான்னு எம் மக கண்டுபுடிச்சிரும்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். லேத்து இன்னும் மினி லாரியில் ஏறவில்லை. தள்ளியவர்கள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குடுமியான்மலைக்காரர்கள் இரண்டு பேர்கூடப் பெஞ்சில் இருந்தார்கள். மதுரைப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அவள் ரோட்டைத் தாண்டிப்போய் அவர்கள் நடுவில் நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எம் புருசன் கோபிநாத் செத்ததுக்குச் சேவுகண்ணே காரணமில்ல. அவரு வேலையில ஒரு குத்தமும் இல்ல. எஞ்சினுல வைக்கக் கூடாத எடத்துல சந்தனத்த வச்சு அடைச்சது நான். நான் ஒருத்திதான்.”

டீ ஆற்றுகிற கை நின்றது. யாரோ “என்னக்கா சொல்றீங்க?” என்றார்கள்.

“நான் ஒருத்திதான்” என்று அருணா மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னாள்.